பெல்ட்

தீவுக்குப் போகும் பனிச்சாலையின் வாயிலில்
சட்டையில் ராய்கோ என்று பெயர் தைத்திருந்தவன்
வண்டியை நிறுத்தினான்.
"சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள்."
கழற்றவா?
"பனி உடைந்தால் குதிக்க வேண்டும்.
கொக்கியைத் தேட நேரம் இருக்காது."
மழை வரும் என்பதுபோலச் சொன்னான்.

ஐம்பத்து மூன்று வயது.
தாலின் நகரில் இருபத்தேழு வருடம்
அடுத்தவர் கணக்கு எழுதினேன்.
வரவு, செலவு, வராக்கடன்.
நாளைக்கென்று இன்றே பயந்து சேர்த்துவைத்ததற்கு மட்டும்
வட்டி ஒருபோதும் குறைந்ததில்லை.

ஹீயுமாவில் ஒரு ரொட்டிக்கடை.
விடியற்காலை நாலு மணிக்கு மாவு பிசைய ஆள் கேட்டார்கள்.
பிசையத் தெரியாது என்றேன்.
வா என்றார்கள்.

பக்கத்து இருக்கையில் கற்றாழைத் தொட்டி;
அதற்கும் பெல்ட் போட்டிருந்தேன்.
ராய்கோ எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை.
"அதற்கும்தான்."

நடுவழியில் நிற்கக் கூடாது என்பது இங்கே விதி.
நின்றால்
பனி யோசிக்கத் தொடங்கிவிடும்.
பாதைக்கு அடையாளமாய் நட்ட ஜூனிப்பர் கிளைகள்
ஒவ்வொன்றாய் எதிரே வந்து
ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின.
டயருக்கு அடியில், வெகு ஆழத்தில்,
கடல் சொடக்கு எடுத்துக்கொண்டது.

பயம் இறங்கிவிட்டதா என்று கேட்காதே, வீர்வே.
பின் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறது.
அதுவும் பெல்ட் போடவில்லை.

ஒரு குலுக்கலில் தொட்டி சரிந்தது.
மடியெல்லாம் மண்.
ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்,
மறு கை ஸ்டியரிங்கில்.

கரை இன்னும் தெரியவில்லை.
வெயில் மட்டும்
கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு
என்னோடு வருகிறது.