வடிகட்டி

மூன்று ஆண்டு எட்டு மாதம்
கழிவுநீரை வடிக்கும் சவ்வு ஒன்றில்
எது அந்தப் பக்கம் போகலாம், எது கூடாது என்று
எழுதிக்கொண்டிருந்தேன்.
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
முதல் ஏட்டில் அப்பாவுக்கு நன்றி,
அவருடைய டாக்சியின் பின்னிருக்கைக்கும்.
உயர்நிலை நான்கு வரை என் வீட்டுப்பாடம்
அங்கேதான் நடந்தது.

பட்டமளிப்பு முடிந்த வாரம்
தேக்காவில் நகைக்கடைக்கு மேல் மாடியறையில்
தரகர் என் தாளைக் கண்ணருகே பிடித்து
"முதுகலையோட நிறுத்தியிருக்கலாமேம்மா" என்றார்.
கோபமாக இல்லை.
முன்னமே வந்திருக்கலாமே என்று
பல் டாக்டர் சொல்வாரே, அப்படி.
"என்ஜினியர்னு மட்டும் போட்டா?" என்று கேட்டது அம்மா.
பேனா அவர் கையிலேயே இருந்தது.
ஒரு கோடு. போயிற்று.

அம்மா ஏ லெவல்.
அப்பா தொடக்கநிலை ஆறு.
முப்பத்தாறு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள்.
அந்தத் தாளில் யாரும் கோடு போட்டதாக
நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது கோடு நான் போட்டது.
ஒரு ஞாயிறு மதியம், கைப்பேசிச் செயலியில்
'முனைவர்' என்பதை எடுத்துவிட்டு
'டிப்ளோமா' என்று மாற்றினேன்.
சோதனைதான். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது:
ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே.
அதே படம், அதே நீலச் சுடிதார்,
ஈஸ்ட் கோஸ்ட் காற்றில் கலைந்த அதே முடி.

முனைவருக்கு ஏழு நாளில் நான்கு பேர்.
அதில் ஒருவன்
தன் கட்டுரையைத் திருத்தித் தரமுடியுமா என்றான்.
டிப்ளோமாவுக்கு முப்பத்தொன்பது.

ஆய்வகத்தில் ஹுய் மின் என் வரைபடத்தைப் பார்த்துச்
சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி,
"என்னுடையதையும் போட்டுப் பாரேன்" என்றாள்.

முப்பத்தொன்பதில் ஒருவர் குணாளன்.
'பட்டதாரி, பொறியியல்.'
யீஷூனில் ஒரு காப்பிக்கடை.
அவருக்குக் கோப்பி ஓ கோசோங், எனக்குத் தே ஹாலியா.
மின்தூக்கிகளைப் பற்றிப் பேசினார்.
கயிறு அறுந்தாலும் பெட்டி விழாதாம்.
வேகம் மீறினால் தண்டவாளத்தைத் தானே கவ்விக்கொள்ளும்
பல் ஒன்று கீழே உண்டாம்.
இரு கையையும் இறுக்கிக் காட்டினார்.
விரலிடுக்கில் கழுவினாலும் போகாத கிரீஸ்.

இவ்வளவு தெளிவாக
எந்தப் பேராசிரியரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.
எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டுவிட்டேன்.

கரண்டியைச் சுற்றினார். கரைய ஒன்றுமில்லை.
"ஐ.டி.இ." என்றார்.
"பொய்தான் போட்டேன்.
டிப்ளோமா முடிச்ச பொண்ணு
நம்மளப் பாப்பாங்களான்னு…"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும்?
எழுந்து பணம் கட்டப் போனார்.

வரிசையில் நின்ற அந்த முதுகிடம்
எல்லாவற்றையும் சொன்னேன்,
சவ்வு, டாக்சி, பேனா, முப்பத்தொன்பது.
பின்னால் நின்ற அங்கிள் தன் மீன் சூப்போடு
கேட்டுக்கொண்டே இருந்தார்.
திரும்பாமலே குணாளன் கேட்டார்:
"அப்ப நான் உங்க படத்துல ஒரு புள்ளியா?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

இது பிப்ரவரியில்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
சொல்லும்போது எதை முதலில் சொல்வது என்று
இருவருமே ஒத்திகை பார்க்கிறோம், சரியாக வரவில்லை.
அந்தக் கணக்கையும் நான் மூடவில்லை.
நேற்றுகூட இரண்டு பேர்
டிப்ளோமாவுக்கு வணக்கம் சொல்லியிருந்தார்கள்.

ஆய்வேட்டைக் கேட்டு வாங்கிப் போனார்.
ஆங்கில அகராதியோடு
பதினேழாம் பக்கத்தில் நிற்கிறார்.
இரவு பதினொன்றுக்கு, ஏதோ மின்தூக்கி அறையிலிருந்து அழைப்பு:
"ஒரு சந்தேகம்.
கிருமி எது, தண்ணி எதுன்னு
இந்தச் சவ்வுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன்.
அதற்குத் தெரிந்தது துளையின் அளவு மட்டும்.
எதிரே வந்து நிற்பது யார் என்று
அது பார்ப்பதே இல்லை.

பின்னால் யாரோ சீன மொழியில் கூப்பிட்டார்கள்.
"இருங்க, எழுதிக்கிறேன்" என்றார்.