அட்டைச் சக்கரம்

இரும்புச்சத்து மாத்திரைக் கம்பெனிக்காரர்
இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது.
கோத்தகிரி ஈரத்தில் ஊறி ஓரம் உப்பிவிட்டது.
தலைக்குக் குளித்த நாளில் முள்ளை வைத்தால்
இருநூற்றெண்பதாம் நாளைக் காட்டும்,
யார் வந்தாலும் அதே இருநூற்றெண்பது.

"கடைசியா எப்போ குளிச்சே?"
தேதி சொல்கிறவர்கள் குறைவு.
கட்டபெட்டு ஹேமாவதி சொன்னாள்,
மாசியில் கிழங்கு நட்டு முடித்த மறுநாள்.
ஃபுல்மணி ஓராவுக்குத் தமிழ் வராது.
கைப்பேசியில் படம் காட்டினாள்:
கொண்டையில் சால் பூ, பின்னால் முரசு,
ராஞ்சிக்கு அந்தப் பக்கம் அவள் ஊர்த் திருவிழா.
அதற்கு முன்னால் என்று இரண்டு விரல் மடக்கினாள்.

மார்கழி. தேயிலைமேல் உறைபனி.
கருக்கலில் ஃபுல்மணிக்குப் பனிக்குடம் உடைந்தது.
சக்கரப்படி இன்னும் இருபத்துமூன்று நாள்.
குறைமாதம் என்று எழுதிய டாக்டர்
கண்ணாடிப் பெட்டியைச் சூடாக்கச் சொன்னார்.
வந்த பெண்பிள்ளைக்கு
நகம் விரல்நுனி தாண்டியிருந்தது.
காதை மடித்து விட்டேன், சட்டென்று நிமிர்ந்தது.
உள்ளங்கால் நிறைய ரேகை.
எடை இரண்டு கிலோ இருநூறு,
அழுகை மூன்றரைக்கு.
பெட்டி சும்மா சூடாகிக்கொண்டிருந்தது.

அடுத்த கட்டிலில் ஹேமாவதி,
பத்து நாள் தள்ளிப்போயும்
சாவகாசமாக ஆரஞ்சு உரிக்கிறாள்.
"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் சிஸ்டர்."

வம்சத்துக்கு வம்சம் நாள் மாறுமாம்,
டாக்டர் எங்கோ படித்திருக்கிறார்.
இருக்கலாம்.
எட்டாம் மாதம்வரை ஃபுல்மணி முதுகில்
இருபத்தைந்து கிலோ இலை ஏறி இறங்கியதே,
அது எந்த வம்சம்?
வயிறு தானே கணக்கை முடித்ததா,
வேலை முடித்துவைத்ததா?
எனக்குத் தெரியாது. அட்டையில் அதற்கு வட்டமில்லை.
யார் வயிற்றை வைத்து முதல் சக்கரம் வெட்டினார்களோ
அவளாவது சொன்ன நாளில் பெற்றாளா?

பத்து மாசம் சுமந்தேன் என்றுதான்
சண்டையில் என் அம்மாவும் சொல்வாள்.
நாசரேத் ஆஸ்பத்திரிச் சீட்டில்
நான் முப்பத்தாறு வாரத்துக்காரி.

டாக்டர் எழுதியதற்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
வலிக்கான ஊசியைத் தட்டில் எடுத்துவைக்கும்போது
ஹேமாவதி கூப்பிடுகிறாள்,
ஆரஞ்சுச் சுளை வாயில்:
"சிஸ்டர், கீழ ஈரமா இருக்கு."