காலி செய்த முகவரி

பாபு ராவ் தெரு லாட்ஜில் ஃபேன்
மூன்றாம் எண்ணில் மட்டும் ஓடும்.
அண்ணனுக்கு ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள்,
தூங்கட்டும்.
நான் எழுத்துகளின் நூலகத்தைத் திறக்கிறேன்.

எவனோ எழுதியிருக்கிறான்:
எழுத்துக்கு எழுத்து நினைவகம் கேட்டு வாங்கு.
'கொ' வந்தால் ககரத்துக்கு ஓரிடம்,
கொம்புக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம்.
ஒரே குடும்பத்தை மூன்று மாடியில் தங்கவைத்தாற்போல.
எவனோ என்ன, நான்தான். நாலு வருஷத்துக்கு முன்.

கீழே முனிரத்தினம் அப்படிச் செய்யமாட்டார்.
மால்டாவிலிருந்து ஏழு பேர் பெட்டியோடு வந்தால்
வாசலிலேயே தலை எண்ணி
ஒரு பெரிய ரூம், உபரியாய் இரண்டு பாய்.
அதையே எழுதினேன்:
முதலிலேயே மொத்தமாய் ஒரு துண்டு,
நிரம்பினால் இரட்டிப்பு,
கடைசியில் ஒரே மூச்சில் விடுவிப்பு.
பதினோரு லட்சம் கோரிக்கை நாற்பதாய்ச் சுருங்கியபோது
பழைய பஸ் ஸ்டாண்டில் முதல் ஆரணி வண்டி உறுமியது.
சோதனைகள் தேறின, ஒன்று மட்டும் நின்றது:
விடுவித்த இடத்தை இன்னும் ஏதோ ஒரு வரி
சுட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தரைக்குக் கதவைத் தட்டினான் லேப் பையன்.
கவரின்மேல்: பௌமிக், அறை 14.
பதினாலில் நாங்கள்தான், நேற்று மதியத்திலிருந்து.
முனிரத்தினம் கணினியில் தேடினார், வரவில்லை.
ஔகாரக் குறியின் வாலுக்கு ளகரம் தட்டிவைத்திருக்கிறார்;
கண்ணுக்கு ஒன்றுதான், எந்திரத்துக்கு வேறு ஆள்.
நான் தேடிக் கொடுத்தேன்.
“முந்தாநாளே காலி பண்ணிட்டாங்கம்மா.”
நடந்தா போனார்?
அவர் சாவிப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

கவர் என் கையில்.
பிரிக்கக் கூடாது, திருப்பித் தர யாருமில்லை.
எந்த வரி என்று தெரிந்துவிட்டது எனக்கு,
இன்னும் அழிக்கவில்லை.
அண்ணன் எழுந்து உட்கார்ந்து
கட்டிலுக்கடியில் செருப்பைக் காலால் துழாவுகிறான்.