கிழிக்கும் கை

தார்த்து நகரில் ஜனவரி.
மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
எமயோகி ஆறு உறைந்து கிடக்க
நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
குடுவையிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி
வெளிச்சத்துக்கு முன்னால் வைக்கிறேன்.
0.02.
0.02.
மறுபடியும் 0.02.
கருவிக்குத் தெரிந்ததெல்லாம் கலங்கல் ஒன்றுதான்.
உள்ளேயோ கல்யாண வீட்டுப் பின்கட்டு:
சுருண்டு கிடந்த இழை பிரிகிறது,
ரைபோசோம்கள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுகின்றன,
இரும்பு எங்கே, இரும்பு எங்கே என்று
சவ்வெங்கும் வாயில்கள் திறக்கின்றன.
இன்னும் ஒன்றுகூட இரண்டாகவில்லை.

பிறகு 0.04.
0.08.
என் தேநீர் ஆறுவதற்குள்
ஓர் ஊர் இரண்டு ஊராகிறது.

இத்தனை செழிப்பிலும்
ஒரு புரதம் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது,
பஞ்சத்துக்கென்று ஒரு சிக்மா.
மை உலருமுன் கிழிபடுகிறது.
வெட்டும் நொதி பக்கத்திலேயே நிற்கிறது.
எழுது, கிழி. எழுது, கிழி.
என்ன ஊதாரித்தனம் என்று
முதல் வருடம் நினைத்தேன்.

குடுவை கழுவும் ஹில்லாரும் அப்படித்தான்.
வெள்ளிதோறும் ராஜினாமா எழுதுவார்.
கையெழுத்துப் போட்டு, ஊதி,
நாலாய்க் கிழித்துக் கூடையில் எறிவார்
கறுப்பு ரொட்டித் துணுக்குகளோடு.
பதினோரு வருடம்.
நாங்கள் சிரிப்போம், அவரும்.

நள்ளிரவு தாண்டி 3.9.
4.0.
4.0.
உணவு தீர்ந்துவிட்டது.
புது ஆணை எதுவும் பிறக்க வேண்டியதில்லை,
கிழிக்கும் கை நின்றால் போதும்.
சும்மா எழுதிய கடிதம் சட்டமாகிறது.
நூற்றுக்கணக்கான மரபணுக்கள்
அதன் குரலுக்குத் தலை திருப்புகின்றன.
நீண்டவை குறுகி உருள்கின்றன.
இழையைப் புரதம் படிகமாய்ப் பொத்துகிறது.
ரைபோசோம்கள் இரண்டிரண்டாய்ப்
பிணைந்து துயில்கின்றன.
சாவு என்று குறித்துவிடாதே, மாரெட்,
என்று நோட்டின் ஓரத்தில்
பகல் ஷிஃப்டுக்காரிக்கு எழுதிவைக்கிறேன்.

புதன்கிழமை கடிதம் வந்தது:
ஜூனுக்குப் பிறகு நிதி இல்லை.
வெள்ளிக்கிழமை ஹில்லார் எழுதினார், ஊதினார்.
கூடை காலியாக இருந்தது.
குடுவைகள் எப்போதும்போல் பளபளத்தன.
தொட்டி விளிம்பில் அவருடைய கையுறைகள்,
விரல்கள் உள்ளே மடங்கியபடி.

இன்றிரவு
பத்து நாள் பட்டினி கிடந்த குடுவையிலிருந்து
புதுக் குழம்பில் ஒரு துளி விட்டேன்.
0.02.
எழுதிக்கொள்கிறேன்.
0.02.