ஷட்டருக்கு எண்ணெய்

போன அக்டோபரில்
ராத்திரி இரண்டே முக்காலுக்கு
பாதி ஏறி நின்றுவிட்டது.
முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே.
நான் குனிந்து வெளியே வரலாம்.
வண்டி குனியாது.

ஹெப்பாளில் ஒரு பயணி, இரண்டு பெட்டிகள்,
ஐந்தரை மணி விமானம்.
போனில் அவர் திட்டவில்லை.
"பரவாயில்லை மேடம், வேறு பார்த்துக்கொள்கிறேன்."
திட்டியிருக்கலாம்.

ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில்
எல்லா வீடும் இப்படித்தான்:
கீழே காரும் தண்ணீர்த் தொட்டியும்
மேலே மனிதர்கள்.
எங்கள் வீட்டில் மேலே அமலதாஸ்,
காலையில் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குப் போகிறவன்.
கீழே என் டாக்சி.
இடையில் பதினாறு படி.

மறுநாள் சிவாஜி நகரிலிருந்து நயாஸ் வந்தான்.
ஏணியில் ஏறி உருளைப் பெட்டியைத் திறந்து
ஸ்பிரிங் போச்சு என்றான்.
ஆயிரத்து எண்ணூறு.
ஸ்பிரிங்குக்கு வயது வருடக் கணக்கில் இல்லையாம்,
ஏற்றி இறக்கிய கணக்காம்.
அன்றைக்குப் படுத்துக்கொண்டே பெருக்கிப் பார்த்தேன்:
நாளுக்கு நாலு, ஆறு வருடம்.
எட்டாயிரத்து எழுநூற்றைத் தாண்டியது.
அத்தனை தடவையும்
நான்தான் தூக்கினேன் என்று நினைத்திருந்தேன்.
பாதிக்கு மேல் அது சுமந்திருக்கிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு
ஷட்டருக்கு.
பழைய சுடிதார்த் துணியில் கொஞ்சம் டீசல் நனைத்து
இரண்டு பக்கத் தடங்களையும் துடைப்பேன்.
துடைக்காமல் எண்ணெய் விட்டால்
தூசியும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிடும்.
மார்ச்சில் எதிர்வீட்டு மரத்தின் இளஞ்சிவப்புப் பூக்கள்
தடத்துக்குள் விழுந்து மக்கிக் கிடந்தன.
ஊரே நின்று போட்டோ எடுத்த பூ.
ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தேன்.
சாவித் துவாரத்தில் குளவி மண் அடைத்திருந்தது.
மன்னிச்சுக்கோ என்று குச்சியை விட்டேன்.
இடது பக்கம் மூன்றாவது திருகாணி
ஒவ்வொரு மாதமும் கழன்றிருக்கும்,
அது மட்டும்தான்.
அதற்கு என்ன குறையோ.
ஸ்பிரிங்கைத் தொடமாட்டேன்.
முறுக்கி வைத்த கோபம் அது.
நயாஸின் கட்டைவிரலில் பாதி நகம் கிடையாது.

மூன்றாம் மாதம் சத்தம் அடியோடு போயிற்று.
தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது
பாய் சுருட்டுவதுபோல் ஏறி இறங்கியது.
"ஈக நித்தெ பருத்தெ ரீ" என்று
எதிர்வீட்டுக் கௌரம்மா
ஒரு சீப்பு ஏலக்கிப் பழம் கொடுத்தனுப்பினாள்.

அவளுக்கு வந்த தூக்கம்
அமலதாஸிடமிருந்து போனதுதான் போலிருக்கிறது.
ஒரு வாரம் கண் சிவந்து திரிந்தான்.
ஆய்வகத்தில் குடுவை ஒன்றை உடைத்து
சம்பளத்தில் பிடிக்கக் கொடுத்தான்.
கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான்.
பிறகு ஒருநாள்
தோசை கருகுவதைப் பார்க்காமல் சொன்னான்:
"அந்தக் கடகட கேட்டால்தான்
வந்துட்டேன்னு திரும்பிப் படுப்பேன்.
இப்ப நீ எப்ப வர்றேன்னே தெரியல."

ஆறு வருடம்.
தூங்குகிறான் என்று நினைத்து
படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஏறியிருக்கிறேன்.

அதற்காக எண்ணெயை நிறுத்த முடியாது.
யாருக்காகவும் துருவை வளர்க்க முடியாது,
இன்னொரு ஆயிரத்து எண்ணூறும் இல்லை.
இப்போதெல்லாம் பூட்டிய பிறகு
சாவியால் தகரத்தில் இரண்டு தட்டு.
டண். டண்.
மேலே விளக்கு எரியாது,
குரல் வராது.
கட்டில் மட்டும் ஒருமுறை முனகும்.

அந்தக் கட்டிலுக்கு நான் எண்ணெய் விடுவதாயில்லை.

ஷட்டரின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது.
மழைக்குள் மாற்ற வேண்டும்.