மாதிரிப் படிவம்

பள்ளிப்பட்டு வட்டாரக் கல்வி அலுவலகக் கணினியில்
ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்:
பணிவிடுவிப்பு ஆணை.
பெயரும் தேதியும் மாற்றினால் போதும்.
‘பிற்பகல்’ என்ற சொல்லைத் தொட்டதே இல்லை,
யாரும் முற்பகலில் கிளம்பியதில்லை.

ஈச்சங்கண்டிகை நடுநிலைப் பள்ளிக்காக
ஆறு ஆண்டில் ஐந்து முறை அதைத் திறந்தேன்.
மதுரைக்காரர் எட்டு மாதம்.
பண்ருட்டி கணக்கு டீச்சர்
முதல் சம்பளம் ஏறும் முன்பே.
காலி செய்த வீட்டுச் சாவியை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
வாங்க ஆள் வரவில்லை.
மின்விசிறி சுற்றும்போது
காகிதங்களுக்குப் பாரமாகிறது.

இசக்கிப்பிரியா சேர வந்தாள்,
சாத்தான்குளத்திலிருந்து
நான்கு பஸ், ஒரு ரயில்.
கைப்பேசி ஆந்திராவுக்கு நல்வரவு சொன்னதாம்.
“நான் தமிழ்நாட்டுலதானே சார் இருக்கேன்?”
டவர் நகரி மலைப் பக்கம் இருக்கும்மா, என்றேன்.
மனசுக்குள் தேதியும் போட்டுவிட்டேன்:
மே மாதம், மாறுதல் கலந்தாய்வு.

அந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.
புதியவர்களுக்குப் பாதி வாடகை.
முதல் ஆண்டு வாக்காளர் பட்டியல் வேலை இல்லை.
மாதம் ஒரு சனிக்கிழமை
சுற்றுப் பள்ளிகளின் புதியவர்கள் கூடிப் பேச
பஸ் காசு, மதியச் சாப்பாடு.
நாற்பத்திரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு
மூன்று கையொப்பம் வாங்க வேண்டியவன் நான்.
இதற்கா நிற்பார்கள் என்று சிரித்தேன்.

முதல் சனிக்கிழமை ஒன்பது பேர்.
பொருள்: கற்றல் விளைவுகள்.
பேசியது: தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை,
மீன் குழம்பு வாசத்துக்கு முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்,
‘நீள்ளு’ என்று பையன் கேட்டபோது
நீளமாய் எதையோ தேடியது.
சிரித்துச் சிரித்து ஒருத்தி அழுதுவிட்டாள்.
‘பயனுள்ள கலந்துரையாடல்’ என்று குறிப்பில் எழுதினேன்.

அக்டோபரில் வாடகைப் பணம் நின்றது.
நவம்பரிலும்.
அவள் வந்து எதுவும் கேட்கவில்லை,
மேசையில் கிடந்த சாவியைப் பார்த்தாள்.
மறுநாள் பில்லை எடுத்துக்கொண்டு
திருத்தணி கருவூலத்துக்கு
நானே பஸ் ஏறினேன்.
அந்த டிக்கெட்டுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

மே மாதம் வந்தாள்.
கையில் மாறுதல் விண்ணப்பம், நிரப்பாமல்.
“மூணாம் வகுப்பு தேஜஸ்வினி கேக்குறா சார்,
‘மீரு கூடா வெள்ளிபோதாரா டீச்சர்?’
நீங்களும் போயிடுவீங்களான்னு.
அவ பாஷைல கூடான்னா கூடத்தான்.
என் காதுல கூடாதுன்னே விழுது.”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள்.
ஊரில் அம்மாவுக்கு முழங்கால் வலியாம்.
வரன் ஒன்று வந்திருக்கிறதாம்.
பிறகு,
“ரெண்டாம் வருஷத்துக்கும் அந்தப் பாதி வாடகை
உண்டா சார்?”

சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரி இல்லை.
உண்டு என்றேன்.

அலுவலகம் பூட்டும் நேரம்.
இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
இதற்கு மாதிரிப் படிவம் கிடையாது.
‘ஐயா’வுக்கு அடுத்து என்ன என்று
அரை மணி நேரமாய்த் தெரியவில்லை.