தாள் முடிந்த இடம்

ஹானுஸ் ஜனவரியில் இறந்தார்.
நாற்பது வருஷம் எங்கள் ஆலயத்தில்
அச்சடித்த பிரசங்கத்தை வாசித்தவர் அவர்தான்.
ஆறு ஊருக்கு ஒரே போதகர்;
எங்கள் கரைக்கு அவர் வருவது மாதம் ஒருமுறை,
அதுவும் ஃபரோ கடல் சம்மதித்தால்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்
என் கதவுப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது.
ஹானுஸின் மனைவி பெய்ன்டா மாட்டிவிட்டுப் போனது.
உள்ளே ஆலயத்தின் சாவி,
கூடவே ஒரு போத்தல் ருபார்ப் ஜாம்.
ஜாமை வைத்துக்கொண்டேன்.
சாவியை அவள் வாசலில் கொண்டுபோய் மாட்டினேன்.

அடுத்த வாரம் மறுபடியும் பை.
இம்முறை உலர்ந்த ஆட்டிறைச்சி.
அதுவும் தங்கிற்று, சாவி திரும்பிற்று.

நான் யாரென்று அவளுக்குத் தெரியாதா?
சால்மன் ஆலையில் இரவு வேலை.
வயிறு கீறி, குடல் வாரி,
எத்தனை மீன் என்று சுவரில் ஓடும் எண்ணை
ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து விடியும்.
எரியும் புதர் எதையும் நான் கண்டதில்லை.
இந்தத் தீவில் புதரே கிடையாது,
காற்று விடாது.
என் ஜெபம்கூட ஒரு கடன் பட்டியல்தான்:
அம்மாவின் இடுப்பு வலி,
படகுக்கு வங்கியில் வாங்கியது,
அப்புறம்
எய்யுன் நாசமாய்ப் போக வேண்டும் என்பது.
அதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
அவருக்குத் தெரியும்.

எய்யுன் மேட்டுவீட்டுக்காரன்.
எங்கள் வேலிக் கல்லை நான்கடி நகர்த்தியவன்.
அல்லது, அவன் வாயால் கேட்டால்,
என் அப்பா நகர்த்தியதைத் திருப்பி வைத்தவன்.
பதினொரு வருஷம் பேச்சில்லை.
முப்பது பேர் உள்ள ஊரில்
ஒருவனைப் பார்க்காமலே இருப்பதற்கு
நல்ல பயிற்சி வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு
வேலை முடிந்து வரும்போது மணி அடித்தது.
ஏழு பேர் உள்ளே போனார்கள்.
வாசிக்க ஆளில்லை.
ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு
எழுந்து வந்தார்கள்,
ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி,
ஏதோ நடந்து முடிந்ததுபோல.

மூன்றாவது பையில் சாவி மட்டும் இருந்தது.
தின்ன ஒன்றுமில்லை.
வைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறே புயல்.
சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள்.
ஐந்து பேர் வந்திருந்தார்கள்,
கடைசிப் பெஞ்சில் அவன்.
கூரையிலிருந்து தொங்கும் சிறு மரக்கப்பல்
கதவு திறக்கும்போதெல்லாம் திசை மாறியது.
எலுமிச்சை போட்டுக் கழுவியும்
என் விரல்களில் மீன் நாற்றம்.
ஆலையின் பாதுகாப்பு விதிகளை வாசிப்பதுபோல்
ஒரே தொனியில் வாசித்துக்கொண்டு போனேன்.
பத்தாம் தாள், கடைசி வரி:
"ஆகவே, அன்பானவர்களே, நாம்"

திருப்பினேன். தாள் இல்லை.
பெஞ்சுக்கடியில் பார்த்தேன்.
வேதாகமத்துக்குள் பார்த்தேன்.
"இதற்குமேல் இல்லை" என்றேன்.

காற்று கூரையை உலுக்கிவிட்டுப் போனது.
பெய்ன்டா தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஓடிவிடலாம் என்று
கால் ஒன்றை எடுத்தும் வைத்துவிட்டேன்.

"சொல்லு, ரன்வா."

பின்னாலிருந்து.
அந்தக் குரலுக்கு வயதாகியிருந்தது.
அதன் வாயில் என் பெயர்
பதினொரு வருஷம் கிடந்திருக்கிறது,
துப்பாமல், விழுங்காமல்.

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.
செவுளைப் பற்றி ஏதோ.
தண்ணீரைவிட்டு வந்த பிறகும்
கொஞ்ச நேரம் அது திறந்து திறந்து மூடும்,
தனக்குச் சொல்லப்பட்டதை
இன்னும் கேட்டு முடிக்காததுபோல
என்றேன்.
ஐந்து நிமிஷம் இருக்கும்.
இடையில் யாரோ இருமினார்கள்.
ஆமென் சொன்னபோதுதான்
நடுவில் நிற்காமல் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

வெளியே வரும்போது எய்யுன்
காற்றுக்கு எதிராகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
கை கொடுக்கவில்லை.
நானும் நீட்டவில்லை.
வேலிக் கல் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

சாவி என் வேலைச் சட்டைப் பையில் இருக்கிறது;
மீன் கீறக் குனியும்போதெல்லாம் விலாவில் இடிக்கும்.
தாள்களை இப்போது எண்ணிப் பார்த்துத்தான் எடுத்துப்போகிறேன்.
ஜெபப் பட்டியலில் எய்யுன் பெயர் அப்படியே இருக்கிறது.
அதற்கு நேரே என்ன கேட்பது என்றுதான்
இன்னும் எனக்குத் தெரியவில்லை.